எக்ஸ்எம்எல் கேட்டலாக்: அட்டவணையா, கையிருப்பேடா?

அனைவருக்கும் வணக்கம். எக்ஸ்எம்எல் என்ற குறிமொழியில் எழுதிய ஆவணங்களுக்குத் தேவைப்படும் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று சொல்வது 'எக்ஸ்எம்எல் கேட்டலாக்'. இதற்குத் தமிழில் 'கையிருப்பேடு' என்று நான் முன்வைத்ததற்கு வந்த கேள்விகளுக்குப் பதில் இது.

> கேட்டலாக் என்றால் நூலகத்தில் பார்ப்போமே, அந்த அட்டவணைதான். இதற்குப் புதுச்சொல் எதற்கு?

முதல் வரைவில் நானும் அட்டவணை என்றுதான் எழுதினேன் ஐயா. அடுத்த பக்கத்திலேயே சிக்கிக்கொண்டேன். கையேடுகள் எழுதப் பயன்படும் எக்ஸ்எம்எல் வடிவமான டாக்புக்கில் வரிசையும் பத்தியும் கொண்ட அட்டவணையும் உண்டு. "அட்டவணையில் பதியுங்கள்" என்றால், படிப்பவர் ஆவணத்துக்குள் போய் அதைத் தேடுவார்.

அதைவிட முக்கியமானது, இந்தக் கோப்பு செய்யும் வேலை. டாக்புக் 4.5-இல் எழுதிய கையேட்டின் தலையில் டிடிடி கோப்பின் (ஆவணத்தில் என்னென்ன குறிகள் வரலாம் என்று சொல்லும் விதிக்கோப்பு) இணைய முகவரி இருக்கும். கையேட்டை வேறு வடிவத்துக்கு மாற்றும் எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற கருவி அந்த முகவரியை முதலில் கேட்டலாக்கில் தேடுகிறது. "இது நம் வட்டிலேயே இன்ன இடத்தில் இருக்கிறது" என்று அங்கே பதிவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும். இல்லையென்றால், இணைய ஆதரவோடு கட்டிய பதிப்பு இணையத்துக்குப் போகும். இணையத்தைத் தடுக்கும் 'நோநெட்' விருப்பம் கொடுத்திருந்தால் அங்கேயே பிழை காட்டும். எப்படி மாற்ற வேண்டும் என்று சொல்லும் நடைதாள் (ஸ்டைல்ஷீட்) முகவரிகளுக்கும் இதே கதைதான்.

இதில் நான் நன்றாகவே அடிபட்டிருக்கிறேன். டெபியன் லினக்ஸின் முதன்மைத் தொகுப்பில் சேரும் பொதிகள் (மென்பொருள் பேக்கேஜ்கள்), கட்டமைக்கும்போது இணையத்தைத் தொடக் கூடாது என்பது விதி. நான் சார்புகளில் (கட்டமைக்கத் தேவையான மற்ற பொதிகளின் பட்டியல்) நடைதாள் பொதியை எழுதிவிட்டு டிடிடி பொதியை விட்டுவிட்டேன். என் கணினியில் கோப்பு சத்தமில்லாமல் இணையத்திலிருந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது. குறை தெரியவே இல்லை. இணையமில்லாத கட்டமைப்புக் கணினியில் முதல் கோப்பிலேயே நின்றுவிட்டது. இப்படிச் சத்தமில்லாமல் போகும் கோரிக்கைகள் கொஞ்சநஞ்சமில்லை. தன் டிடிடி கோப்புகளை ஒரே நாளில் 13 கோடி முறை வரை கேட்கிறார்கள் என்று வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008-இல் எழுதியது.

ஆக, இது வெறும் பட்டியல் இல்லை. வெளியூருக்கு ஆர்டர் போடும் முன் கடைக்காரர் புரட்டிப் பார்க்கும் இருப்புப் பதிவேடு. அதனால்தான் 'கையிருப்பேடு' என்கிறேன்.

> கையிருப்பு என்றதும் எனக்கு கேஷ்தான் நினைவுக்கு வருகிறது.

நியாயமான கேள்வி அம்மா. இதை யோசித்துத்தான் 'ஏடு' என்பதை விடாமல் சேர்த்தேன். கேஷ் ஒருமுறை கொண்டுவந்ததன் நகலை வைத்திருக்கும். அதற்கு இடைச்சேமிப்பு என்ற சொல் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும். கேட்டலாக் எந்தக் கோப்பையும் வைத்திருப்பதில்லை. எது எங்கே என்று மட்டும் சொல்கிறது. வெறும் 'கையிருப்பு' என்று சுருக்கினால் குழப்பம் வரும், எனவே சுருக்க வேண்டாம்.

கேட்டலாக்குக்கு வந்த 'வழிப்பட்டி' என்ற பரிந்துரையும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் கருவிப்பட்டி, பக்கப்பட்டி என்று பட்டி ஏற்கெனவே திரையில் இடம்பிடித்துவிட்டது.

இன்னொரு வசதி, கிளைச்சொற்கள் எளிதாக வருகின்றன. டெபியனில் ஒரு முதன்மைக் கேட்டலாக் இருக்கும். அது ஒவ்வொரு பொதியின் கேட்டலாக்குக்கும் கைகாட்டிவிடும். முதலாவது தலையேடு, மற்றவை கிளையேடுகள். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "பொதியை நிறுவியதும் அதன் கிளையேடு தலையேட்டில் பதிவாகும். டிடிடி முகவரி கையிருப்பேட்டில் இல்லையென்றால் இணையமின்றிக் கட்டமைக்க முடியாது." வாய்விட்டுப் படித்தாலும் தடுக்கவில்லை.

ரிசால்வருக்குத்தான் இன்னும் மனம் ஒப்பவில்லை. முகவரியைக் கொடுத்தால் இடத்தைக் கண்டு சொல்வது என்பதால் 'இடங்காணி' என்று வைத்திருக்கிறேன். இடங்காட்டி என்று கர்சரைச் சொல்பவர்களுக்கு இது இடறுமா? பழகியவர்கள் சொல்லுங்கள்.