பொட்டன்ஷியலுக்குத் தமிழ்: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திங்கள் இரவு
மண்டபம், உடற்கல்வி ஆசிரியை

குழுவில் எல்லாருக்கும் வணக்கம்.

வரும் சனிக்கிழமை எங்கள் திடலில் கூடைப்பந்துத் தேர்வு. மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி பக்கத்துப் பிள்ளைகள் வருகிறார்கள். எல்லாரும் இந்த வருடம்தான் பந்தைத் தொட்டவர்கள். மதிப்பீட்டுத் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஒரு பிரதி வீட்டுக்கும் போகும் என்பதால் தமிழில் வேண்டும். வெள்ளி மாலை ஜெராக்ஸ் கடைக்குக் கொடுத்தாக வேண்டும்.

ரூக்கி (ஆட்டத்துக்குப் புதியவர்), ஸ்கில், பொட்டன்ஷியல், விங்ஸ்பேன் (இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம்) என்று நாலு சொல்லில் நிற்கிறேன். முதல் இரண்டை எப்படியாவது சமாளித்துவிடலாம். மூன்றாவதுதான் விடமாட்டேன் என்கிறது.

போன முறை நடந்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, பந்து பிடித்து ஐந்து மாதம். இடது கையால் லே-அப் (ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிவந்து எழும்பிப் போடுவது) போட வராது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும்போது தலை குனிந்துவிடும். ஸ்கில் கட்டத்தில் பத்துக்கு மூன்று போட்டேன். ஆனால் ரிங்கில் பட்டுத் தெறிக்கும் பந்து எந்தப் பக்கம் விழும் என்று மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பதற்குள் அவள் அங்கே போய் நிற்பாள். யாரும் சொல்லிக்கொடுத்து வந்தது அல்ல. பொட்டன்ஷியல் கட்டத்தில் ஒன்பது போட்டேன்.

மறுநாள் அவள் அம்மா கடல்பாசி எடுத்துவிட்டு ஈரச் சேலையோடு நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். “டீச்சர், மூணு மார்க்குன்னா பிள்ளைய நிறுத்திரவா?” என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஒன்பது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தமிழில் ஒரு சொல்லாகச் சொல்ல வரவில்லை. “நல்லா வருவாக்கா” என்று சொல்லி அனுப்பினேன். அந்த ‘நல்லா வருவா’தான் எனக்குத் தாளில் வேண்டும்.

*

செவ்வாய் காலை
தேவிபட்டினம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள மகளுக்கு,

பொட்டன்ஷியலுக்கு ‘உள்ளாற்றல்’ போதும். உள்ளே இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை. வேறென்ன வேண்டும்? இயற்பியலில் ‘உள்ளுறை வெப்பம்’ என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். அகப்பாட்டில் உள்ளுறை உண்டு. சொல்லுக்கு ஊரும் உண்டு, உறவும் உண்டு.

ஸ்கில்லுக்குத் ‘திறன்’. சிலர் ‘திறம்’ ஒரு பொருள், ‘திறன்’ இன்னொரு பொருள் என்று பிரித்து எழுதுகிறார்கள். அது வேண்டாம். நிலம் நிலன், முகம் முகன் போலத் திறமும் திறனும் கடைப்போலி. ஒரே ஆளுக்கு இரண்டு சட்டை. பள்ளித் தாளில் அந்தக் குழப்பத்தைக் கொண்டுவராதீர்கள்.

*

செவ்வாய் மதியம்
ராமேஸ்வரம், இயற்பியல் ஆசிரியர்

ஐயா, உள்ளுறை வெப்பம் சரி. ஆனால் ஆற்றல் என்றதும் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவு வருவது நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும்தான். அங்கே கணக்கு சுத்தம். மேலே வைத்த கல்லில் எவ்வளவு இருக்கிறதோ, விழும்போது அவ்வளவும் வெளியே வந்துவிடும். பிள்ளை கல் இல்லையே. உள்ளே ஒரு மூட்டை கட்டி வைத்திருக்கிறது, அவிழ்த்தால் வந்துவிடும் என்ற எண்ணத்தை ‘உள்ளாற்றல்’ கொடுத்துவிடுகிறது. பாதி மூட்டை பயிற்சியில்தானே சேர்கிறது?

திறன், திறம் பிரிப்பதைப் பற்றியும் ஒன்று. போலியாக இருந்தாலும் அறிவியலுக்குத் தேவைப்பட்டால் பிரித்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அதை அப்புறம் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.

*

செவ்வாய் இரவு
கீழக்கரை, விளையாட்டுச் செய்தி மொழிபெயர்ப்பாளர்

டீச்சர், ரூக்கிக்குப் ‘புதுமுகம்’ என்று எழுதுங்கள். சினிமாவால் எல்லாருக்கும் தெரிந்த சொல். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் முதல் பருவம் ஆடுகிறவர்தான் ரூக்கி, இரண்டாம் வருடம் அந்தப் பெயர் போய்விடும். புதுமுகமும் அப்படித்தான், ஒரு படத்தோடு சரி.

பொட்டன்ஷியலை மட்டும் சுலபமாக நினைக்காதீர்கள். அங்கே ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முன் உயரம், கைவிரிவு, குதிக்கும் உயரம், ஓட்டம் எல்லாவற்றையும் அளந்து பார்க்கிறார்கள். அளந்தும் தவறுகிறது. 1984-இல், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற மைக்கேல் ஜோர்டனை எடுக்கும் முன் இரண்டு பேரை எடுத்தார்கள். 2014-இல் நிகோலா யோக்கிச்சுக்கு முன் நாற்பது பேர். அந்த யோக்கிச் பிறகு மூன்று முறை லீக்கின் சிறந்த வீரர். நம் நாட்டு சத்னம் சிங் ஏழடிக்கு மேல் உயரம். 2015-இல் 52-ஆவதாக டல்லஸ் அணி எடுத்தது, அப்படித் தேர்வான முதல் இந்தியர். ஆனால் ஒரு என்.பி.ஏ. ஆட்டத்திலும் இறங்க வாய்க்கவில்லை.

அதனால், கணிக்கிறோம், நடக்காமலும் போகலாம் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். ‘உள்ளாற்றல்’ என்றால் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

*

புதன் காலை
தொண்டி, பனைத் தொழில் ஆர்வலர்

ரூக்கிக்கு நம் மண்ணிலேயே சொல் இருக்கிறது: வடலி. சாயல்குடிப் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய வரை நிற்கிறது. பனை ஆகாத பனை. இடுப்புயரத்தில் ஓலை விரித்து நிற்கும், உடம்பு இன்னும் வரவில்லை.

காக்கா, அதாவது கீழக்கரை அண்ணன், சொன்ன நிச்சயமின்மையும் அதிலேயே இருக்கிறது. வடலியைப் பார்த்து ஆண்பனையா பெண்பனையா என்று யாராலும் சொல்ல முடியாது. பாளை விட்டால்தான் தெரியும், அதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருடம்கூட ஆகும். ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று சொல்கிறோம். அது நெல்லுக்குச் சரி, பனைக்குச் சரியில்லை. பிள்ளைகளில் நெல்லும் உண்டு, பனையும் உண்டு.

பொட்டன்ஷியலுக்கு அந்தப் பழமொழியிலிருந்தே ‘விளைதிறன்’ என்று எடுக்கலாம். விளையாட்டிலும் ‘விளை’ இருக்கிறது.

*

புதன் மாலை
மன்னார், பாடநூல் மொழிபெயர்ப்பாளர்

அண்ணை, விளைதிறன் வேண்டாம். எங்கட பக்கம் அந்தச் சொல் கனகாலமாய்ப் புழக்கத்தில் இருக்கிறது. வினைத்திறன் என்றால் குறைந்த செலவில் வேலை முடிப்பது, விளைதிறன் என்றால் நினைத்த பலன் கிடைப்பது. கணக்கியல், முகாமைத்துவம் (உங்கள் மேலாண்மை) படிக்கிற பிள்ளைகள் இரண்டையும் பிரித்து எழுதாவிட்டால் புள்ளி போகும். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் வேறு பொருள் என்று இன்னொரு சொல்லையும் ஆக்கிவிடாதீர்கள். ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது.

வடலி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இங்கேயும் வடலிதான்.

*

புதன் இரவு
மண்டபம், உடற்கல்வி ஆசிரியை

விங்ஸ்பேன் தீர்ந்துவிட்டது. சொல்லியே ஆக வேண்டும்.

இன்று சாயந்தரம் டேப் கிடைக்கவில்லை. ரிங்கில் வலை உப்புக்காற்றில் இற்றுப்போய், ஒருவர் பழைய நைலான் வலையைக் கட்டிக்கொடுக்க வந்திருந்தார். அந்தப் பிள்ளையின் அப்பாதான். நான் கைவிரிவை அளக்க வேண்டும் என்றதும் கையில் இருந்த கயிற்றின் நுனியை மகளிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையையும் விரித்து, நடுவிரலுக்கு நடுவிரல் இழுத்துப் பிடித்தாள். “ஒரு பாகம்” என்றார். அப்புறம் அதே கயிற்றைத் தன் கையில் விரித்துப் பார்த்தார். மகளுக்குத்தான் மூன்று விரல் கூடுதல். “என்னய விட நீளமா வளந்துட்டா” என்று கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடலில் ஆழம் பார்க்கிற பாகம். எத்தனை பாகத்தில் வலை போட்டார்கள் என்று தினமும் காதில் விழுகிற சொல். இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை. உள்நாட்டில் கயிறு அளக்க ‘மார்’ என்பார்கள், ஆனால் பெண்பிள்ளைகள் தாளில் அதை எழுத மாட்டேன். ‘பாகம்’ என்றே போடப்போகிறேன். பகுதி என்ற பொருளோடு குழம்பாமல் இருக்க ‘கைப்பாகம்’.

*

வியாழன் காலை
தேவிபட்டினம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கைப்பாகத்துக்கு என் முழு ஒப்புதல். இப்படித்தான் சொல் கிடைக்க வேண்டும்.

ரூக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. நேற்று ஒருவர் தனிமடலில் ‘கற்றுக்குட்டி’ என்று எழுதியிருந்தார். இன்று அது ஏளனச் சொல், தாளில் கூடாது. ஆனால் அந்தக் ‘கற்று’ எங்கிருந்து வந்தது? கல் என்ற வினையிலிருந்து என்று எல்லாரும் நினைக்கிறோம். கன்று + ஆ என்பது ‘கற்றா’ ஆகிறது, கன்றோடு கூடிய பசு. அதே வழியில் கன்று + குட்டி ‘கற்றுக்குட்டி’ ஆகியிருக்கலாம் அல்லவா? அப்படியானால் கல்விக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, பால்குடி மறவாத கன்றைத்தான் சொல்கிறது. இரண்டு நாளாக அகராதிகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தேர்வுக்கு இது உதவாது என்று தெரியும். மனம் விடவில்லை.

*

வியாழன் மதியம்
ராமேஸ்வரம், இயற்பியல் ஆசிரியர்

டீச்சரின் முதல் மடலைத் திரும்பப் படித்தேன். ‘நல்லா வருவா.’ அதில் பெயர்ச்சொல்லே இல்லை, வினைதான் இருக்கிறது. நாம் மூன்று நாளாக உள்ளே ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

‘வளர்திறன்’ என்று வைத்தால் என்ன? வளர்ந்த, வளர்கின்ற, வளரும் திறன். காலம் கரந்த பெயரெச்சம். ஒரு பிள்ளையை ஒரு நாள் பார்த்து இதைச் சொல்ல முடியாது. இன்று பத்து ஃப்ரீ த்ரோவில் (யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று போடுவது) எத்தனை விழுந்தது, ஆறு வாரம் கழித்து எத்தனை, சொன்ன திருத்தத்தை எத்தனை நாளில் உடம்பு வாங்கிக்கொண்டது என்று பார்த்தால்தான் தெரியும். அந்த ஓட்டம் வினைத்தொகையில் இருக்கிறது, ‘ஆற்றல்’ என்ற சொல்லில் இல்லை.

புரியுமா என்றால், வளர்பிறை தெரியாதவர் நம் கரையில் யார்? அமாவாசை, பௌர்ணமி பார்த்துத்தான் நீரேற்றமே கணிக்கிறார்கள். பாசி எடுக்கிற அந்த அம்மாவிடம் ‘வளர்திறன் ஒன்பது’ என்றால் விளக்கவே வேண்டாம்.

*

வியாழன் மாலை
தேவிபட்டினம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, அழகான சொல். ஆனால் நீங்கள் சொன்னதையே திருப்பிக் கேட்கிறேன். முக்காலமும் கரந்திருந்தால் ‘வளர்ந்த திறன்’ என்றும் பொருள்படும். வளர்ந்து முடிந்த திறன்தானே ஸ்கில்? இரண்டு கட்டத்துக்கும் ஒரே சொல் விழுகிறதே! மேலும், வளர்பிறைக்கு அடுத்தது தேய்பிறை. பிள்ளை பெயருக்கு எதிரே அந்த நிழல் வேண்டுமா?

*

வியாழன் இரவு
கீழக்கரை, விளையாட்டுச் செய்தி மொழிபெயர்ப்பாளர்

ஐயாவின் முதல் கேள்வி சரி. அதற்கு வழி, ஸ்கில் கட்டத்தை ‘இன்றைய திறன்’ என்று மாற்றுவது. பக்கத்தில் ‘வளர்திறன்’. இரண்டையும் சேர்த்துப் படித்தால் குழப்பம் இல்லை. மூன்று மார்க்கும் இன்றைக்கு மட்டும்தான் என்று ஆகிவிடும். அந்த அம்மாவுக்கு அன்றைக்கே இது கிடைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. விளையாட்டில் தேய்வதும் உண்டுதான்.

என் ஓட்டு வளர்திறனுக்கு. ரூக்கிக்குப் புதுமுகம். தொண்டி அண்ணன் கோபிக்க வேண்டாம், வடலியை நான் கட்டுரையில் எழுதுகிறேன்.

*

வெள்ளி மதியம்
மண்டபம், உடற்கல்வி ஆசிரியை

வளர்திறனுக்கு ஐந்து பேர், உள்ளாற்றலுக்கு இரண்டு பேர், மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நேரம் முடிந்துவிட்டது. தாளில் இப்படிப் போகிறது: புதுமுகம், கைப்பாகம், இன்றைய திறன், வளர்திறன். கடைசிச் சொல்லுக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘இனி எவ்வளவு வளர முடியும்’ என்று ஒரு வரி.

கச்சான் காற்று ஓயவில்லை, பந்து காற்றில் விலகுகிறது. நாளைக்கு ஃப்ரீ த்ரோவுக்கு மட்டும் இரண்டு பக்க ரிங்கிலும் போடவிட்டு மார்க் போடலாம் என்று இருக்கிறேன். எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

*

வெள்ளி மாலை
தேவிபட்டினம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மகளே, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். என் மனத்தில் இன்னும் உள்ளாற்றல்தான். பந்து விழும் இடத்துக்கு அந்தப் பிள்ளை முன்னாலேயே போய் நிற்கிறாளே, அது வளர்ந்து வந்தது அல்ல. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று நீங்களே எழுதினீர்கள். அதற்கு வளர்திறனில் இடம் எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்கு முன் திரும்பப் பேசுவோம்.

இப்போதைக்கு ஒன்று: கடையில் தட்டச்சு செய்கிறவர் ‘வளர்த்திறன்’ என்று ஒரு ‘த்’ சேர்த்துவிடப்போகிறார். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. பிரதி எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.