ரீஸ்ட்ரைக் = பின்னெடுப்பு: சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

ஆக்ஸ்போர்டு ஆல்மனாக் தாள்களுக்குத் தமிழில் விவரக்குறிப்பு எழுதும்போது 'ரீஸ்ட்ரைக்' (restrike) என்ற ஆங்கிலச் சொல் வந்தாலே முட்டுகிறது. இந்த ஆல்மனாக் 1674-இல் தொடங்கிய ஒற்றைத்தாள் நாட்காட்டி. மேலே செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட காட்சி, கீழே நாட்கள். ஆண்டு போனால் நாட்காட்டி வீண், தகடு வீணாகாது. பின்னாளில் அதே தகட்டில் மை தேய்த்து எடுக்கும் படிக்குத்தான் பெயர் வேண்டும். 'மறுஅச்சு' என்றால், படம்பிடித்து அச்சிடும் ஆஃப்செட் நகலோடு குழம்பும். அச்சகத்தில் படி 'எடுப்பது' என்றுதான் வழக்கு, ஆகவே 'பின்னெடுப்பு'.

மறுமொழி 1

ஐயா, 'மீள்படி' எளிதாக இருக்கிறதே. தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் இருந்தால் அசல், இல்லையேல் மீள்படி என்று எழுதிவிடலாம்.

மறுமொழி 2

அந்தத் தடத்தை வைத்து இதைப் பிரிக்க முடியாதுங்க. தகடு ஒன்றே என்பதால் பின்னெடுப்பிலும் அதே தடம் விழும். அசலிலும் ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் தடம் போயிருக்கும். நாட்காட்டியை நறுக்கிவிட்டுப் படத்தை மட்டும் சட்டமிட்டவர்கள் ஏராளம். பார்க்க வேண்டியது தாளையும் கோட்டையும். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஜார்ஜ் வெர்ச்சு செதுக்கிய 1723–1751 காலத் தாளில் கம்பிவரி (தாள் வார்த்த கம்பிச் சல்லடையின் தடம்) தெரியவேண்டும். வரியே இல்லாத வழுவழுத்த தாள் என்றால் பிற்காலத்தது. ஓவியர் டர்னர் வரைந்த பத்துக் காட்சிகள் 1799-க்கும் 1811-க்கும் இடையில் வந்தவை. அக்காலத் தாள்கள் பலவற்றில் நீர்க்குறியோடு (தாளுக்குள்ளேயே பதிந்த ஆலை அடையாளம்) ஆண்டும் இருக்கும். நாட்காட்டி ஆண்டைவிட அது முந்தியிருக்கலாம், பிந்தியிருக்கவே கூடாது.

அடுத்து, பத்து மடங்கு லென்ஸில் வானத்தையும் தண்ணீரையும் பாருங்கள். செம்பு மென்மையான உலோகம். ஒவ்வொரு படிக்கும் மை துடைத்து உருளையில் அழுத்த அழுத்த, ஆழமில்லாத மெல்லிய கோடுகள்தான் முதலில் தேயும். மேகம் வெளிறி, கட்டட நிழல் மட்டும் கருப்பாக நின்றால் தேய்ந்த தகடு. மேகத்தில் மட்டும் கோடு முரட்டுத்தனமாக இருந்தால் தகட்டை மறுபடி செதுக்கியிருக்கிறார்கள். கோட்டுக்குப் பதில் புள்ளிப்புள்ளியாகத் தெரிந்தால் அது ஆஃப்செட், பின்னெடுப்பே அல்ல.

'மீள்படி' வினையில் நிற்காது: 'மீள்படித்தார்கள்' என்றால் திரும்ப வாசித்தார்கள் என்றாகிவிடும். 'பின்னெடுத்த தாள்', 'பின்னெடுத்தது' எல்லாம் இயல்பாக வருகின்றன. என் வாக்கு பின்னெடுப்புக்கே. குறிப்பில் நாட்காட்டி ஆண்டு, நீர்க்குறி ஆண்டு இரண்டையும் தனித்தனியாகப் போடுங்கள். நீர்க்குறி இல்லையென்றால் 'இல்லை' என்றே எழுதுங்கள், கட்டத்தை வெறுமையாக விடவேண்டாம்.