26 மாதம் ஆகியும் மகன் சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை: இன்னும் பொறுத்திருக்கலாமா?

கேள்வி (மகனின் தாய்)

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 26 மாதங்கள் நிறைந்துவிட்டன. அவன் தெளிவாகச் சொல்லும் சொற்களை எண்ணினால் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தேறவில்லை. ‘அம்மா’, ‘அப்பா’, ‘தா’, ‘பூ’, பிறகு ‘பா’. பாலுக்கும் பந்துக்கும் அவனுக்கு இந்த ஒரே ஒலிதான். ‘அம்மா வா’ என்றோ ‘பால் தா’ என்றோ இரண்டு சொற்களைச் சேர்த்து அவன் இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவனைவிட இரண்டு மாதம் இளைய உறவினர் குழந்தை ஒன்று கோவையாகப் பேசுவதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

நாம் சொல்வது அவனுக்குப் புரிகிறது என்றே நினைக்கிறேன். ‘செருப்பை எடுத்து வா’ என்றால் எடுத்து வருகிறான். எது வேண்டுமென்றாலும் என் விரலைப் பிடித்து இழுத்துச் சென்று அலமாரியின் முன் நிறுத்தி, மேல்தட்டைப் பார்த்து ‘ம்... ம்’ என்கிறான். நான் வேறு எதையாவது எடுத்தால் தலையை ஆட்டி மறுக்கிறான். எதை எடுத்துக் காட்டினாலும் அது இல்லை என்றாகும்போது அப்படியே தரையில் உட்கார்ந்து அழுகிறான். வீட்டில் மற்றவர்கள் அதைப் பிடிவாதம் என்கிறார்கள். எனக்கு அது சொல்லத் தெரியாத தவிப்பாகவே படுகிறது.

என் மாமியார், ‘இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான், நீ வீணாகக் கவலைப்படாதே’ என்கிறார். நாங்கள் காட்டிய மருத்துவர், ஆண் குழந்தைகள் மெதுவாகத்தான் பேசுவார்கள் என்று சொல்லி இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார். நாக்கின் அடியில் உள்ள தசையை வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று இன்னொருவர் சொல்கிறார். அவனுடைய ஒன்றரை வயதில் நான் வேலைக்குத் திரும்பினேன். அதன் பிறகு உணவூட்டும் நேரத்தில் கைபேசியில் காணொளி காட்டும் பழக்கமும் வந்துவிட்டது. வீட்டில் தமிழோடு இன்னொரு மொழியும் பேசுகிறோம். இவற்றில் எது காரணம், நான் எங்கே தவறினேன் என்று தினமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் சில மாதங்கள் பொறுத்துப் பார்க்கலாமா, அல்லது இப்போதே யாரிடமாவது காட்ட வேண்டுமா?

மறுமொழி (ஒரு பெண் குழந்தையின் தந்தை)

சகோதரி, வேறு எதையும் யோசிப்பதற்கு முன்பு செவித்திறன் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் மீண்டும் செய்யுங்கள். அதை எங்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

என் மகளும் இரண்டு வயதில் ஏழெட்டுச் சொற்களோடு நின்றிருந்தாள். கூப்பிட்டால் திரும்புவாள், பாட்டுக்கு ஆடுவாள், கதவு தட்டும் ஒலிக்கு ஓடுவாள். ஆகவே காது கேட்காமல் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒருநாள் அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மெல்லிய குரலில் அவளுக்கு மிகவும் பிடித்த பொம்மையின் பெயரைச் சொன்னேன். அவள் அசையவில்லை. எழுந்து போய் எதிரில் உட்கார்ந்து அதே குரலில் சொன்னேன். அவள் என் உதடுகளைப் பார்த்தாள், உடனே எழுந்து போய்ப் பொம்மையை எடுத்து வந்தாள். அன்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நடுச்செவியில் நீர் கோத்திருந்தது. அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு இது வரக்கூடியது. வலியோ காய்ச்சலோ இல்லாமலேகூட மாதக்கணக்கில் இருக்கும். முழுக்கக் கேட்காமல் போவதில்லை. நாம் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்போது வெளியே பேசுவது கேட்பதுபோல மங்கலாகக் கேட்கும், அதுவும் ஒரு வாரம் கூடும், ஒரு வாரம் குறையும். உரத்த ஒலிகள் எட்டிவிடுவதால் வீட்டில் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் கரைந்துபோகும். ஒரு சொல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகக் காதில் விழுந்தால் குழந்தை அதை எப்படிக் கற்கும்? செவிப்பறையின் அசைவை அளக்கும் சிறு பரிசோதனையிலேயே எங்களுக்கு இது தெரிந்தது. உங்கள் மகனுக்கும் இதுதான் என்று நான் சொல்லவில்லை. இதை விலக்கிவிட்டு மற்றதை யோசிப்பதே முறை.

மறுமொழி (பேச்சு மொழிப் பயிற்சியாளர்)

அம்மா, நான் பல ஆண்டுகளாகச் சிறு குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி அளித்து வருகிறேன். குழந்தையை நேரில் பாராமல் எதையும் முடிவாகச் சொல்ல இயலாது. இருந்தாலும் உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: இப்போதே காட்டுங்கள்.

24 மாதத்தில் 50 சொற்களுக்குக் குறைவாகப் பேசுகிற, அல்லது இரண்டு சொற்களைச் சேர்க்காத குழந்தையைத் ‘தாமதமாகப் பேசும் குழந்தை’ என்று எங்கள் துறையில் வகைப்படுத்துவது வழக்கம். லெஸ்லி ரெஸ்கொர்லா என்ற ஆய்வாளர் 1989-இல் வெளியிட்ட சொற்பட்டியல் முறை இதற்குப் பெரிதும் அடிப்படையாக இருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்திய குழந்தை வளர்ச்சிப் படிநிலைகளின் பட்டியல் சற்றுத் தாராளமானது. அதில் ஏறத்தாழ 50 சொற்கள் என்பது 30 மாதத்திற்கு உரியதாக வைக்கப்பட்டுள்ளது. ஆனால் அதிலும் இரண்டு சொற்களைச் சேர்ப்பது 24 மாதத்திற்கு உரியதுதான். நான்கில் மூன்று பங்குக் குழந்தைகளேனும் எட்டியிருக்கக்கூடிய வயதையே அப்பட்டியல் குறிக்கிறது. எந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தாலும் உங்கள் மகனை ஒருமுறை முறையாக மதிப்பிட வேண்டும்.

உங்கள் மாமியார் சொல்வது பொய்யல்ல. தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் பள்ளி செல்லும் வயதுக்குள் தாமாகவே மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுகிறார்கள். சிக்கல் எங்கே என்றால், அப்படி எட்டிப் பிடிக்கப்போகிற குழந்தை எது, பின்தங்கப்போகிற குழந்தை எது என்று இரண்டு வயதில் எங்களாலேயே உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. மேலும், பேச்சுத் தாமதம் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. தந்தையும் தாமதமாகப் பேசினார் என்பது கூடுதலாகக் கவனிக்க வேண்டியதற்கான காரணமே. ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் உள்ள வேறுபாடு சராசரியில் மிகச் சிறியது. 26 மாதத்தில் பன்னிரண்டு சொற்கள் என்பதை அதைக் கொண்டு விளக்கிவிட முடியாது. நாக்கின் அடித்தசை சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பதில் இடையூறாக இருக்கலாம். ஒரு குழந்தை எத்தனை சொற்களைக் கற்கிறது என்பதை அது தீர்மானிப்பதில்லை. அதற்காக வெட்ட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இரண்டு மொழிகள் காரணமல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு நிறைவு வருவதில்லை, ஏனெனில் இதை நம்பித் தங்களுக்கு இயல்பாக வரும் மொழியைக் கைவிட்டு, தடுமாறும் மொழியில் குழந்தையோடு பேசத் தொடங்கிய பெற்றோர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள். உச்சரிப்புச் சரியாக இருக்க வேண்டியதில்லை. ஒரே பொருளுக்கு ஒரே ஒலியைத் தெரிந்தே பயன்படுத்தினால் அது சொல்தான். நாயைக் கண்டு ‘வவ்’ என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேலைக்குச் சென்றதால் பேச்சு நின்றுவிடவில்லை. அந்தச் சுமையை இறக்கி வையுங்கள். கைபேசியை மட்டும் நிறுத்தப் பாருங்கள். 2003-இல் பெட்ரீஷியா குல் என்ற ஆய்வாளரின் குழு, ஆங்கிலச் சூழலில் வளரும் 9 மாதக் குழந்தைகளிடம் சீன மொழியில் நேரில் பேசிப் பழகியபோது அம்மொழியின் ஒலி வேறுபாடுகளை அவர்கள் பற்றிக்கொண்டார்கள். அதே மொழியை அதே அளவு நேரம் திரையில் காட்டியபோது எதையும் கற்கவில்லை. திரை குழந்தையின் கண்ணைப் பார்த்து, அது ஒலி எழுப்பும்போது நின்று, மறுமொழி தருவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் ஒரு வயதுக் குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் பரிந்துரைத்தது.

ஒன்றை மட்டும் நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டும். தனக்கு எதுவும் தேவைப்படாத நேரத்தில், பார்த்ததை உங்களோடு பகிர்ந்துகொள்வதற்காக மட்டுமே உங்கள் மகன் எதையாவது சுட்டிக்காட்டுகிறானா? விரலைப் பிடித்து இழுத்துச் செல்லும்போது உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கிறானா, அல்லது உங்கள் கையை ஒரு கருவியைப் போல மட்டும் பயன்படுத்துகிறானா?

கேள்வி கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. உங்கள் கேள்வியைப் படித்த பிறகு மூன்று நாட்கள் வேறு கண்ணோடு அவனைக் கவனித்தேன். நேற்று மாலை ஜன்னல் விளிம்பில் ஒரு புறா வந்து உட்கார்ந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஓடிவந்து என் தாடையைத் தன் உள்ளங்கையால் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினான். பிறகு புறாவைக் காட்டினான், என்னைப் பார்த்தான், மறுபடியும் புறாவைப் பார்த்தான். இதை முன்பும் செய்திருக்கிறான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் சொன்னபடி எண்ணியதில் 19 சொற்கள் வந்தன. பேசத் தொடங்கியபின் நின்றுபோன சொல் எதுவும் இருப்பதாக நினைவில்லை, ஆனால் அதையும் பார்க்க வேண்டுமா?

மறுமொழி (ஆறு வயது மகனின் தாய்)

அவசியம் பார்க்க வேண்டும், சகோதரி. என் மகனுக்கு 15 மாதத்தில் எட்டுச் சொற்கள் இருந்தன. 19 மாதத்தில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதும் அதோடு குறைந்தது. வந்த சொல் போய்விடுவது எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாத அறிகுறி என்று அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ‘நடக்கத் தொடங்கினால் பேச்சு குறையும்’ என்று சொன்னவர்களை நம்பி ஓராண்டை இழந்தேன். பிறகே ஆட்டிசம் என்று தெரிந்தது. 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்காகவே எளிய கேள்வித்தாள் ஒன்று இருக்கிறது, எம்-சாட் என்பார்கள். அது நோயைக் கண்டறியும் சோதனையல்ல, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று காட்டும் முதல் சல்லடை. குழந்தை நல மருத்துவரிடம் கேட்டால் தருவார்.

உங்கள் மகன் புறாவைக் காட்டிய விதத்தைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இருந்தாலும் அந்தக் கேள்வித்தாளை நிரப்பிவிடுங்கள். என் மகன் படஅட்டைகளைக் கொடுத்துத் தனக்கு வேண்டியதைக் கேட்கக் கற்ற பிறகு அவனுடைய அழுகை பாதியாகக் குறைந்தது. அட்டைக்குப் பழகினால் பேசவே மாட்டான் என்று அஞ்சினோம், அப்படி நடக்கவில்லை. இப்போது மூன்று, நான்கு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறான்.

மறுமொழி (பேச்சு மொழிப் பயிற்சியாளர்)

தாடையைத் திருப்பிக் காட்டியது மிக நல்ல செய்தி, அம்மா. மதிப்பீட்டின்போது இதை அப்படியே சொல்லுங்கள். அதுவரை வீட்டில் இரண்டு பழக்கங்களை மட்டும் மாற்றிப் பாருங்கள். ‘இது என்ன, சொல்லு, சொல்லு’ என்று கேட்பதை நிறுத்துங்கள். விடை தெரியாத குழந்தைக்கு அது தேர்வுபோல ஆகிவிடும். அவன் ‘பா’ என்று பந்தைக் காட்டினால், ‘பெரிய பந்து’ என்று அவன் சொன்னதோடு ஒரே ஒரு சொல்லைச் சேர்த்துத் திருப்பித் தாருங்கள். இன்னொன்று, காத்திருப்பது. தரையில் அவன் கண்மட்டத்தில் உட்கார்ந்து, பந்தை உருட்டுவதற்கு முன் அவன் முகத்தைப் பார்த்தபடி மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலான பெற்றோர் மூன்று எண்ணுவதற்குள் தாமே பேசிவிடுகிறார்கள். அவன் கண்ணால் கேட்டாலும் கையால் கேட்டாலும் உடனே உருட்டிவிடுங்கள். சொல் வந்தால்தான் தருவேன் என்று நிறுத்தி வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

அடுத்த வியாழக்கிழமை செவித்திறன் பரிசோதனைக்கும், அதற்கு அடுத்த வாரம் பேச்சு மதிப்பீட்டுக்கும் நேரம் பெற்றுவிட்டோம். மாமியாரும் உடன் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஒலிக்குச் செவிநரம்பும் மூளையும் காட்டும் எதிர்வினையை அளக்கும் பெரா பரிசோதனையின்போது குழந்தை உறங்க வேண்டும் என்கிறார்கள். புதிய இடத்தில் இவன் உறங்குவானா என்பதுதான் இப்போதைய கவலை.

மறுமொழி (ஒரு பெண் குழந்தையின் தந்தை)

அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே எழுப்பிவிடுங்கள். போகும் வழியில் மட்டும் கண்ணயர விட்டுவிடாதீர்கள். எங்கள் முதல் முயற்சி அதனால்தான் வீணாயிற்று. தேவைப்பட்டால் உறக்கத்திற்கு மருந்து தருவார்கள். அதற்கு எத்தனை மணி நேரம் முன்பு பால் கொடுப்பதை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவன் தினமும் போர்த்திக்கொள்ளும் போர்வையைத் துவைக்காமல் அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.