‘மாசிவ்’ வந்தாலே ‘மாபெரும்’ என்று போடலாமா?

பாலாறு_கரை: வணக்கம். வேலூரில் ஆவணங்களைத் தமிழாக்கும் வேலை. கையில் மூன்று தாள்: குவாரி அறிக்கையில் ‘மாசிவ் சார்னோகைட்’ (ஒரு வகைக் கடினப் பாறை), டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘மாசிவ் பல்மனரி எம்பாலிசம்’, பாடக் குறிப்பில் ‘எலக்ட்ரான் ஒரு மாசிவ் துகள்’. ஆங்கில ‘மாசிவ்’ (massive) என்பதற்கு அகராதி ‘மாபெரும்’ என்கிறது. எலக்ட்ரானைப் போய் மாபெரும் துகள் என்று எழுத முடியுமா? ஹ்யூஜ் (huge), வாஸ்ட் (vast) இரண்டும் இதிலிருந்து எங்கே பிரிகின்றன?

கருங்கல்: குவாரித் தாளில் அது அளவைச் சொல்லவே இல்லை சார். அடுக்கோ பட்டையோ இல்லாமல் உள்ளே ஒரே சீராக இருக்கும் பாறை மாசிவ். கையில் அடங்கும் துண்டுக்கும் அதே சொல்தான். நைஸ் (gneiss) என்ற பட்டைக் கல்லை அறுத்துப் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை ஓடும். உளி வைத்தால் பெரும்பாலும் அந்தப் பட்டை வழியே பிளந்துகொள்ளும். பெரிய பிளாக் எடுக்க நினைப்பவர் இந்த ஒரு சொல்லைத்தான் தேடுவார். ‘அடுக்கமைப்பற்ற சார்னோகைட்’ என்று போடுங்கள். ‘விரிசலற்ற’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். மாசிவ் பாறையிலும் விரிசல் இருக்கும். அந்தச் சொல்லை நம்பிக் குத்தகை எடுப்பவருக்குத்தான் நஷ்டம்.

வார்டு_எண்_4: சம்மரியில் இன்னும் கவனம் வேண்டும். நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்து, மேல் பிரஷர் 90க்குக் கீழே 15 நிமிடமாவது நின்றாலோ, பிரஷரை நிறுத்த மருந்து தேவைப்பட்டாலோ அது மாசிவ். கட்டி எவ்வளவு பெரியது என்பது கணக்கில் வராது. ஆகவே ‘பெரிய ரத்தக்கட்டி’ தவறு. ‘ரத்த அழுத்தம் சரிந்த தீவிர நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பு’ என்றால் அடுத்த டாக்டருக்கும் விளங்கும். ‘மாசிவ் டிரான்ஸ்ஃபியூஷன்’ என்றால் வழக்கமான வரையறை 24 மணி நேரத்தில் 10 யூனிட் அல்லது அதற்கு மேல் ரத்தம். ‘மாசிவ் ஹார்ட் அட்டாக்’ பேச்சு வழக்கு. ‘கடுமையான மாரடைப்பு’ போதும்.

ஜவ்வாது_மலை: இயற்பியலில் மாசிவ் என்றால் நிறை உடையது, அவ்வளவுதான். எலக்ட்ரானுக்கு மிகச் சிறிதாவது நிறை உண்டு, ஒளித்துகளுக்கு இல்லை. ‘நிறையுள்ள துகள்’ என்று எழுதுங்கள். வானியலில் இது ஒப்பீடாகும்: சூரியனைப் போல் சுமார் 8 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் மாசிவ் விண்மீன். ரோகிணி விண்மீன் சூரியனைவிட 40 மடங்குக்கு மேல் அகலம், நிறையோ சூரியனுக்குப் பக்கத்தில்தான். அதை ஹ்யூஜ் எனலாம், மாசிவ் எனக் கூடாது. காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி பற்றிய கட்டுரையில் கருவிக்கு ஒரு பொருளிலும் விண்மீனுக்கு வேறு பொருளிலும் இதே சொல் வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

பொது எழுத்தில் வாஸ்ட் பரப்புக்கு: வறண்ட பாலாற்று மணல்வெளி. மாசிவ் கனத்துக்கு: கோட்டை மதில். ஹ்யூஜ் எதற்கும் ஒட்டும். ஹ்யூஜிலேயே ‘மிக’ அடங்கிவிடுவதால் ‘வெரி ஹ்யூஜ்’ ஆங்கிலத்தில் உறுத்தும், ‘அப்சல்யூட்லி ஹ்யூஜ்’ சரி. அறிவியலில் ‘மோர் மாசிவ்’ தாராளமாக எழுதலாம்.

பாலாறு_கரை: நன்றி. சம்மரியில் பிரஷர் எண்ணே கொடுக்கவில்லை, என்ன செய்வது?

வார்டு_எண்_4: எண்ணை நீங்களாகச் சேர்க்காதீர்கள். ‘மாசிவ்’ வகை என்று தமிழெழுத்தில் அப்படியே வைத்து, எழுதிய டாக்டரிடம் கேட்டு உறுதி செய்தபின் விரித்தெழுதுங்கள்.