எச்ஐவி மாத்திரையோடு எம்.டி.ஆர். டிபி (பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத டிபி) மாத்திரையும் சாப்பிடலாமா?

விழுப்புரம் அக்கா:
தம்பிக்கு 34 வயது. எச்ஐவிக்குத் தனியார் டாக்டரிடம் மாத்திரை வாங்குகிறான். டப்பாவில் டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ் என்று போட்டிருக்கிறது. இப்போது சளிப் பரிசோதனையில், ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்துக்குக் கட்டுப்படாத டிபி என்று வந்துவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் பிபால்எம் என்ற நான்கு மருந்து சேர்ந்த ஆறு மாதக் கோர்ஸ் தரப்போகிறார்கள். "இத்தனை மாத்திரையை வயிறு தாங்காது, டிபி முடியும்வரை எச்ஐவி மாத்திரையை நிறுத்திடறேன்" என்கிறான். அங்கே எச்ஐவி பற்றிச் சொல்லவும் கூச்சம். என்ன செய்ய?

ஏஆர்டி ஆலோசகர்:
அக்கா, நிறுத்தவே கூடாது. எதிர்ப்புச் சக்தி இறங்கினால் டிபி மருந்து மட்டும் தனியாக நின்று போராட முடியாது. கூச்சம் புரிகிறது, ஆனால் அந்த டப்பாவை அப்படியே டிபி டாக்டர் மேசையில் வைக்கச் சொல்லுங்கள். காரணம் எஃபாவிரென்ஸ். பிபால்எம்மில் முக்கியமான மருந்து பெடாகுவிலின். எஃபாவிரென்ஸ் இருந்தால் ஈரல் அதைச் சீக்கிரம் கழித்துவிடும், ரத்தத்தில் அளவு நிற்காது. அதனால் டோலுடெக்ராவிர் உள்ள எச்ஐவி மாத்திரைக்கு மாற்றுவார்கள். ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) மையத்தில் இலவசம். மாற்றும்போதே வைரல் லோடும் (ரத்தத்தில் எச்ஐவி கிருமியின் அளவு) பார்த்துவிடுங்கள். எச்ஐவியோடு சாதாரண டிபியும் உள்ளவர்கள் ரிஃபாம்பிசினோடு டோலுடெக்ராவிரை இரண்டு வேளை சாப்பிடுவார்கள். இவனுக்கு ரிஃபாம்பிசினே கிடையாது, ஒரு வேளை போதும்.

பெடாகுவிலின், மாக்சிஃப்ளாக்சசின் இரண்டும் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கலாம். இசிஜிக்குக் கூப்பிட்டால் தட்டிக்கழிக்க வேண்டாம்.

கோர்ஸ் முடித்தவன்:
பழைய ஒன்றரை வருடக் கோர்ஸையும் ஊசியையும் பார்த்தவர்களுக்கு இந்த ஆறு மாதம் பெரிய வரம். ஆனால் அதில் உள்ள லினசோலிட் லேசுப்பட்டதல்ல. பாதியிலேயே எனக்கு உள்ளங்கால் எரிய ஆரம்பித்தது, ராத்திரி போர்வை பட்டாலே ஆகாது. டாக்டர் 600 மில்லிகிராமை 300 ஆக்கினார், சமாளித்தேன். பார்வை மங்கினாலோ சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள், அடுத்த செக்கப் வரை காத்திருக்காதீர்கள். மாத்திரையைச் சாப்பாட்டோடு போடணும், வெறும் வயிற்றில் வேண்டாம். அப்புறம், டிபிக்காரர்களின் சத்துணவுக்கு அரசு தரும் நிக்ஷய் போஷனில் மாதம் 1000 ரூபாய் வரும், பாங்க் பாஸ்புக் கொடுங்கள்.

விழுப்புரம் அக்கா:
சொன்னபடி மாத்திரையை மாற்றிவிட்டார்கள். சிரித்துக்கொண்டேதான் கேட்டார்களாம், இவன்தான் வீணாகப் பயந்திருக்கிறான். இப்போது ரத்தம் குறைந்திருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை வேறு. அதையும் சேர்த்துப் போடலாமா?

ஏஆர்டி ஆலோசகர்:
ரத்தம் குறைவது லினசோலிட்டாலும் இருக்கலாம், அதனால் ரத்தப் பரிசோதனையை விடாதீர்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்ந்தால் அதை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு என்றால் இரண்டையும் ஒன்றாகப் போடலாம். இல்லையென்றால் டோலுடெக்ராவிரை முதலில் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இரும்பு. அசிடிட்டிக்குக் கடையில் வாங்கும் ஜெலுசில் மாதிரி சிரப்புக்கு இந்தச் சலுகை கிடையாது: சாப்பாட்டோடு என்றாலும் டோலுடெக்ராவிருக்கு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் குடிக்கணும்.