இணையத்தில் ஏற்றியதும் தமிழ் எழுத்துகள் சிதைந்துவிடுகின்றன: எச்.டி.எம்.எல் பக்கம் தொடர்பாக உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் வாசகர் வட்டத்துக்காக இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல் மொழியைக் கற்றுக்கொண்டு இரண்டு பக்கங்களை எழுதியிருக்கிறேன். நூலக நேரமும் புதிய நூல்களின் பட்டியலும் ஒரு புகைப்படமும் கொண்ட முதல் பக்கத்தை வீட்டிலுள்ள விண்டோஸ் 10 கணினியில், நோட்பேடில் எழுதினேன். கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் தமிழும் படமும் சரியாகத் தெரிகின்றன. இணையத்தில் ஏற்றிக் கைப்பேசியில் பார்த்தாலோ படம் வரவில்லை. தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் தலையில் சிறு கோடு இட்ட ஆங்கில 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியுமாக நிறைந்திருக்கிறது. நிகழ்ச்சிகளுக்கான இரண்டாம் பக்கத்தை நூலகத்தின் பழைய விண்டோஸ் 7 கணினியில் எழுதினேன். அதில் எங்கு பார்த்தாலும் கேள்விக்குறிகள்தாம். தமிழைப் படமாக மாற்றி ஒட்டிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. என்ன செய்ய வேண்டும்?

மறுமொழி 1

வணக்கம். இரண்டு பக்கங்களிலும் எழுத்து கெட்டிருந்தாலும் இரண்டும் ஒரே கோளாறு அல்ல. ஒன்றில் தமிழ் பத்திரமாக இருக்கிறது, மற்றொன்றில் அழிந்துவிட்டது.

முதல் பக்கத்தைப் பார்ப்போம். யூ.டி.எஃப்-8 என்பது எழுத்துகளைக் கணினியில் பைட்டுகளாக, அதாவது சிறு எண்களாக, சேமிக்கும் ஒரு குறியாக்க முறை. அதில் தமிழின் ஒவ்வொரு யூனிகோட் குறியும் (எழுத்துக்கோ அதன் துணைக்குறிக்கோ தரப்பட்ட எண்) 3 பைட்டுகளாகச் சேமிக்கப்படுகிறது. பக்கம் எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்று யாரும் சொல்லாதபோது, உலாவி அந்த பைட்டுகளை மேற்கு ஐரோப்பிய எழுத்து அட்டவணையைக் கொண்டு படித்துவிடுகிறது. தமிழ்க் குறிகள் அனைத்துக்கும் முதல் பைட் ஒன்றே என்பதால்தான் அந்தக் கோடிட்ட 'ஏ' திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் கணினியில் சரியாகத் தெரிவதற்குக் காரணம், வன்தட்டிலிருந்து நேராகத் திறக்கும் கோப்பின் குறியாக்கத்தைப் பல உலாவிகள் தாமே ஊகித்துக்கொள்வதுதான். இணையத்திலிருந்து வரும் பக்கத்தை அவை பொதுவாக யூ.டி.எஃப்-8 என்று ஊகிப்பதில்லை. ஆகவே 'ஹெட்' டேக் (பக்கத்தின் ஒரு பகுதியைக் குறிக்கும் எச்.டி.எம்.எல் குறி) தொடங்கியவுடன், 'டைட்டில்' டேக்குக்கும் முன்பாக, 'சார்செட்' மதிப்பு யூ.டி.எஃப்-8 என்று கூறும் 'மெட்டா' டேக்கை எழுதுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் அது இருக்க வேண்டும் என்பது எச்.டி.எம்.எல் தரத்தின் விதி. தமிழில் 340 குறிகளுக்குள்ளாகவே அந்த அளவு நிரம்பிவிடும் என்பதால், தமிழில் நீண்ட குறிப்புரை எதையும் அதற்கு மேலே வைக்காதீர்கள்.

இரண்டாம் பக்கத்துக்கு மெட்டா டேக் உதவாது. விண்டோஸ் 7-இன் நோட்பேட், புதிய கோப்புகளை இயல்பாக, தமிழுக்கு இடமில்லாத ஆன்சி என்ற பழைய முறையில் சேமிக்கும். சேமிக்கும்போது சில எழுத்துகள் இழக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை வந்திருக்கும். அதில் ஓகே அழுத்தியவுடன் ஒவ்வொரு தமிழ்க் குறியும் கேள்விக்குறியாக மாறிவிடுகிறது. அதை மீட்க முடியாது, மறுபடி தட்டச்சு செய்துதான் ஆக வேண்டும். இம்முறை 'சேவ் ஆஸ்' பெட்டியின் அடியில் உள்ள 'என்கோடிங்' என்ற இடத்தில் யூ.டி.எஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து நோட்பேட் தானாகவே அப்படித்தான் சேமிக்கிறது.

தமிழைப் படமாக ஒட்ட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அவ்வாறு செய்தால் நூலின் பெயரைப் பக்கத்தில் தேட முடியாது. பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டவும் முடியாது.

மறுமொழி 2

படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கோப்பின் உண்மையான பெயரையும் 'இமேஜ்' டேக்கில் நீங்கள் எழுதிய பெயரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். விண்டோஸ் பெரிய, சிறிய ஆங்கில எழுத்துகளை வேறுபடுத்துவதில்லை. ஆனால் பக்கங்களை வைத்திருந்து அனுப்பும் இணைய வழங்கிகளில் பெரும்பாலானவை லினக்ஸ் இயங்குதளத்தில் இயங்குவதால் அங்கு அவை இரு வேறு பெயர்கள். கேமரா எடுத்த படங்களில் 'ஜேபிஜி' என்ற பின்னொட்டு பெரிய எழுத்தில் இருப்பது வழக்கம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. படத்தின் பின்னொட்டுதான் மாறியிருந்தது, இப்போது தெரிகிறது. நிகழ்ச்சிப் பக்கத்தை, தாங்கள் கூறிய மெட்டா வரியையும் கையால் தட்டச்சு செய்து, புதிதாக எழுதி ஏற்றினேன், சரியாக வந்துவிட்டது. ஆனால் முதல் பக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கான மெட்டா வரியை நான் வேர்டில் குறித்து வைத்து, அங்கிருந்து நகலெடுத்து ஒட்டினேன்.

மறுமொழி 1

காரணம் அந்த நகலில்தான் இருக்கிறது. நாம் இடும் நேரான மேற்கோள் குறிகளை வேர்ட் தானாகவே வளைந்த மேற்கோள் குறிகளாக மாற்றிவிடும். எச்.டி.எம்.எல்-இல் நேரான குறிகளே மதிப்பின் எல்லையைக் காட்டும். வளைந்தவை மதிப்பின் பகுதியாகவே கொள்ளப்படும். அப்போது அப்படி ஒரு குறியாக்கமே இல்லை என்று உலாவி அந்த வரியைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறது. பிழைச் செய்தி எதுவும் காட்டாது. புதிதாகக் கற்பவர்களை மிகவும் சோர்வடையச் செய்யும் பிழை இது என்பேன். அந்த இரண்டு குறிகளையும் அழித்து, நோட்பேடிலேயே மறுபடி இட்டுச் சேமித்து ஏற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்

மாற்றி ஏற்றினேன். நூல் பட்டியல் முழுவதும் கைப்பேசியில் தமிழில் தெரிகிறது. வேறு சில பக்கங்களுக்கான இணைப்பு வரிகளையும் வேர்டிலேயே குறித்து வைத்திருந்தேன். அவற்றிலும் வளைந்த குறிகளே இருக்கின்றன. இன்று மாலைக்குள் அனைத்தையும் நோட்பேடில் திருத்திவிடுகிறேன்.