மறு: பழைய கிட்டார் சோதனைப் பட்டியல் – ‘ஆக்‌ஷன்’, ‘ரிலீஃப்’ இரண்டுக்கும் ஒரே சொல் போதுமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

திருநகர் ஐயா அனுப்பிய வரைவைப் படித்தேன். பழைய கிட்டார் வாங்குபவர் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று தமிழில் ஒரு பட்டியல் வருவதே பெரிய காரியம். மதுரையில் கிட்டார் கைமாறுவது பெரும்பாலும் சர்ச் பாடகர் குழுவில், கல்லூரி விடுதியில், தெரிந்தவர் மூலமாகத்தான். கடை ரசீதும் கிடையாது, உத்தரவாதமும் கிடையாது. கண்ணும் காதும்தான் துணை.

ஆனால் வரைவில் ஓரிடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ‘ஆக்‌ஷன்’, ‘ரிலீஃப்’ (முன்னது கம்பியின் உயரம், பின்னது கழுத்தின் வளைவு) இரண்டுக்கும் நேரே ‘தந்தி இடைவெளி’ என்று ஒரே சொல் போட்டிருக்கிறது. (முதல் வரைவில் ஆக்‌ஷனுக்குச் ‘செயல்’ என்று இருந்ததே, அதற்கு இது எவ்வளவோ மேல். ‘இந்தக் கிட்டாரின் செயல் அதிகம்’ என்று படித்துவிட்டு வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.)

> இரண்டுமே கம்பிக்கும் மெட்டுக்கும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை, ‘ஃபிரெட்’) நடுவில் உள்ள இடம்தானே? எதற்கு இரண்டு சொல்?

ஐயா, பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். நோய் வேறு, மருந்து வேறு. என் அக்கா மகன் போன மாதம் நரிமேட்டுப் பக்கம் ஒருவரிடம் கிட்டார் வாங்கினான். கம்பி தூக்கலாக இருந்தது. விற்றவர், “உள்ளே ராடு இருக்கு தம்பி, சாவி போட்டுத் திருகு, இறங்கிடும்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். இவனும் கழுத்துக்குள் ஓடும் அந்த இரும்பு ராடைத் திருகினான். கம்பி கொஞ்சம் இறங்கியது உண்மைதான். ஆனால் முதல் நாலைந்து மெட்டுகளில் எங்கே பிடித்தாலும் ‘ஜிர்ர்’ என்று இரைய ஆரம்பித்துவிட்டது. மேலே பன்னிரண்டாவது மெட்டுக்கு அப்பால் கம்பி இன்னும் தூக்கலாகவே நின்றது. சேணத்தை (உடம்புப் பக்கம் கம்பிகள் உட்காரும் எலும்புத் துண்டு, ‘சாடில்’) இழைக்க வேண்டிய இடத்தில் கழுத்தை நிமிர்த்தியதால் வந்த வினை. இரண்டுக்கும் இரண்டு பெயர் இருந்திருந்தால், ‘உயரத்துக்கு ஏன் ராடைத் திருகுகிறாய்’ என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

ஆக்‌ஷன் என்பது உயரம். 12ஆவது மெட்டின் தலையிலிருந்து கம்பியின் அடிவரை அளப்பது. இரும்புக் கம்பி பூட்டிய கிட்டாரில் தடித்த கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர், சுமாராக இந்த அளவில் இருந்தால் கை நோகாது. மூன்றரையைத் தாண்டினால் புதிதாகப் பழகுகிற பிள்ளை ஒரு வாரத்தில் கிட்டாரை மூலையில் சாத்திவிடும். இந்த உயரத்தைக் குறைப்பது சேணத்தை இழைத்துத்தான். 12ஆவது மெட்டு கம்பி நீளத்தின் சரிபாதி என்பதால் அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேணத்தில் 2 மில்லிமீட்டர் போக வேண்டும்.

ரிலீஃப் என்பது கழுத்தின் வடிவம். ஆறு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. அந்த இழுப்பில் கழுத்து முன்பக்கமாக லேசாக வளைந்து நடுவில் குழிகிறது. இது குறையில்லை. மீட்டிய கம்பி நடுவில்தான் அகலமாக ஆடும். அந்த ஆட்டத்துக்கு இடம் விட இந்தக் குழி கொஞ்சம் வேண்டும். அதிகமாகப் போனால் மட்டும் ராடைத் திருகி நிமிர்த்த வேண்டும்.

பார்க்கிற விதமும் வேறு. முதல் மெட்டில் காபோவை (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டுங்கள். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில், பொதுவாக 14ஆவது மெட்டு, தடித்த கம்பியை ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். இப்போது கம்பியே ஒரு மட்டப்பலகை ஆகிவிடும். ஏழாவது மெட்டுக்கு மேலே கம்பியை இன்னொரு விரலால் தட்டுங்கள். ‘டிக்’ என்று சின்னதாக ஒரு சத்தம் வந்தால் குழி இருக்கிறது. சத்தமே இல்லாமல் கம்பி மெட்டில் படுத்துக் கிடந்தால் கழுத்து நேராக இருக்கிறது, அல்லது பின்பக்கம் வளைந்திருக்கிறது. 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருந்தால் நல்லது. இதை அளக்கத் தனிக் கருவி தேடி அலைய வேண்டாம். டூவீலர் மெக்கானிக்கிடம் டாப்பெட் பார்க்கிற கேஜ் இருக்கும், அந்தத் தகடுகளில் ஒன்று போதும்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

> ஆக்‌ஷன் = கம்பியேற்றம் என்று வைக்கலாம்.

அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘கம்பி ஏற்றுவது’ என்றால் புதுக் கம்பி மாட்டுவது என்றே வாசிக்கிறவர்கள் புரிந்துகொள்வார்கள். ‘தூக்கல்’ என்ற சொல் என் முதல் விருப்பமாக இருந்தது. ஆனால் உப்பு தூக்கல் என்பதுபோல அதில் ‘அதிகம்’ என்ற பொருள் ஒட்டிக்கொண்டே வருகிறது. ‘தூக்கல் குறைவு’ என்று எழுத முடியாது. ‘கம்பித் தூக்கம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கம்பி தூங்கிவிடும் அண்ணே. ‘கம்பி உயரம்’ என்றே போட்டுவிடலாம் என்பது என் கட்சி. யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள், பக்கத்தில் மில்லிமீட்டர் எண்ணையும் எழுதலாம்.

ரிலீஃபுக்குக் ‘குழிவு’. பள்ளியில் குழியாடி, குழிலென்ஸ் படித்தவர்கள் நாம். ‘குழி’ என்றதும் எந்தப் பக்க வளைவு என்று தெரிந்துவிடும். ‘தொய்வு’ வேண்டாம், கம்பி தொய்ந்ததா கழுத்து தொய்ந்ததா என்று குழப்பும், அதோடு தொய்வு என்றாலே குறை. குழிவு அளவோடு இருந்தால் நல்லது என்பதுதானே நாம் சொல்ல வருவது. எதிர்ப்பக்க வளைவுக்குப் புதுச்சொல்லே தேவையில்லை. எங்கள் தெரு ஆசாரியிடம் அப்படி ஒரு கழுத்தைக் காட்டினேன். தலைப்பக்கமாகக் கண்ணில் வைத்து ஒற்றைக்கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “இது கூன் விழுந்திருச்சுய்யா” என்றார். குழிவு, கூன்: இதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியவில்லை.

> டிரஸ் ராடு = முறுக்குக்கம்பி

இதை எடுத்துக்கொண்டு இரும்புக் கடைக்குப் போனால் வீட்டுக் கூரைக்கு எத்தனை கிலோ வேண்டும் என்று கேட்பார்கள். அந்த ராடின் வேலை கழுத்தை நிமிர்த்துவது. ‘நிமிர்கம்பி’ என்று பரிந்துரைக்கிறேன். கிப்சன் நிறுவனத்துக்காக இந்த அமைப்புக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1923இல். அதற்காக எல்லாக் கிட்டாரிலும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். மார்ட்டின் நிறுவனமே திருகி மாற்றக்கூடிய நிமிர்கம்பியை 1985இல்தான் கொண்டுவந்தது. நைலான் கம்பிக் கிட்டார்களில் பெரும்பாலும் இருக்காது. ஆகவே பட்டியலில் ‘நிமிர்கம்பி உண்டா, திருகினால் அசைகிறதா’ என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். இறுகிப்போன நிமிர்கம்பியை யாரும் வீட்டில் பலம் போட்டுத் திருக வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு சொல்லும் வேண்டும், வரைவில் விட்டுப்போயிருக்கிறது. கழுத்து உடம்போடு சேரும் கோணம். பல வருட இழுப்பில் இது மாறிவிட்டால் கம்பி உயரம் கூடிவிடும். நிமிர்கம்பியும் உதவாது, சேணத்தையும் இழைக்க முடியாது, ஏனென்றால் முன்னால் வைத்திருந்தவரே அதை இழைத்து இழைத்துத் தரைமட்டமாக்கியிருப்பார். சேணம், அதைத் தாங்கும் குதிரைக்கு (‘பிரிட்ஜ்’) மேலே 2 மில்லிமீட்டர்கூடத் தெரியாமல், கம்பியும் உயரமாகவே இருந்தால் அங்கேயே கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம். சந்தேகம் இருந்தால் 60 சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேலை இரண்டாவது மெட்டிலிருந்து மெட்டுகளின் தலைமேல் கம்பிகளுக்கு நடுவே படுக்க வையுங்கள். மறுமுனை குதிரைக் கட்டையின் மேல்விளிம்பைத் தொட்டபடி நிற்க வேண்டும். கட்டையின் பக்கவாட்டில் இடித்தால் கோணம் போய்விட்டது. இதைச் சரிசெய்யக் கழுத்தையே கழற்றிப் பூட்ட வேண்டும்; மலிவான கிட்டாரில் அந்தக் கூலிக்கு இன்னொரு கிட்டார் வாங்கிவிடலாம். ‘கழுத்துச் சாய்வு’ என்று போடலாமா?

> பிரிட்ஜ் = பாலம், சாடில் = இருக்கை

வேண்டவே வேண்டாம். வீணையிலும் வயலினிலும் ‘குதிரை’ இருக்கும்போது பாலம் எதற்கு? குதிரை என்று வைத்தவுடன் அதன்மேல் உட்காரும் வெள்ளை எலும்புத் துண்டுக்குச் ‘சேணம்’ தானாக வந்து அமர்ந்துகொள்கிறது. மேலே நான் கேட்காமலே பயன்படுத்திவிட்டேன், மன்னிக்கவும்.

குதிரை விஷயத்தில் நம் ஊர் வெயிலைப் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பசை இளகி, கம்பியின் இழுப்பில் குதிரையின் பின்விளிம்பு மேலே எழும்பும். ஒரு தாளை அந்த விளிம்புக்கு அடியில் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் குதிரை பெயர ஆரம்பித்துவிட்டது. வறட்சியில் மரமும் சுருங்கும்: கழுத்தின் ஓரமாக விரலை ஓட்டினால் மெட்டு முனைகள் கையைக் கீறும். மேல்பலகை உள்வாங்கிக் கம்பி உயரமும் குறையும். ஐப்பசி மழையில் அதே பலகை ஈரம் ஏறிப் புடைத்துக் கம்பியைத் தூக்கும். சித்திரையில் பார்த்து வாங்கினால் இதை மனத்தில் வைக்க வேண்டும்.

‘கீறல்’, ‘வெடிப்பு’ இரண்டையும் வரைவில் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. வார்னிஷ் வரை போனது கீறல், மரம் வரை போனது வெடிப்பு. இருட்டு அறையில் மொபைல் டார்ச்சை ஒலித்துளைக்குள் விட்டுப் பார்த்தால் வெடிப்பில் வெளிச்சம் கசியும்.

அடுத்து ‘பஸ்’ (buzz), அதாவது கம்பி மெட்டில் பட்டு ‘ஜிர்ர்’ என்று இரைவது.

> யாழ் நரம்பின் குற்றங்கள் நான்கு: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. கடைசிச் சொல்லை மீட்டெடுக்கலாம்.

திருப்பரங்குன்றம் ஐயாவின் இந்த மடலை ரசித்துப் படித்தேன். ஓசை வழவழவென்று ஓடாமல் சிதறினால் அதிர்வு என்று நம்மவர்கள் அன்றே பிரித்து வைத்திருக்கிறார்கள். சிந்தாமணியில் சீவகன், தன்னிடம் கொண்டுவரப்பட்ட யாழ்களை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கி, இது நீரில் நின்ற மரம், இது இடி விழுந்த மரம் என்று தள்ளிக்கொண்டே போவானே, பழைய கிட்டார் வாங்கப் போகும்போது அவனை உடன் அழைத்துப் போக வேண்டும். ஆனால் ஐயா, இன்று அதிர்வு என்றால் இயற்பியல். அதிர்வெண் என்று பாடநூலில் இருக்கிறது. நல்ல கிட்டாரின் கம்பியும் அதிரத்தான் செய்யும், அதைக் குறை என்று எழுதினால் பிள்ளைகள் குழம்புவார்கள். ‘மெட்டிரைச்சல்’ என்று வைக்கலாம். ‘கம்பி இரையுது’ என்று வாசிப்பவர்களே சொல்கிறார்கள்.

‘மெட்டு’ என்றால் பாட்டின் மெட்டு என்று நினைத்துவிடுவார்களே என்று கேட்டவருக்கு: ‘ஏழாவது மெட்டு தேய்ந்திருக்கிறது’ என்ற வாக்கியத்தைப் படித்துவிட்டு யாரும் இசையமைப்பாளரைத் திட்ட மாட்டார்கள். வீணையில் இருக்கிற சொல், கிட்டாருக்கும் இருக்கட்டும். ‘கழுத்து’க்குப் பதில் வீணையின் ‘தண்டி’யை எடுக்கலாம் என்ற யோசனை எனக்குப் பிடிக்கிறது, ஆனால் கிட்டார் பிடிக்கும் பிள்ளைகளில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. கழுத்தே போதும்.

ஆக, கம்பி உயரம், குழிவு, கூன், நிமிர்கம்பி, கழுத்துச் சாய்வு, குதிரை, சேணம், மெட்டிரைச்சல். ஞாயிறு வரை மறுப்பு வராவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். ‘நட்’டுக்கு (கழுத்தின் தலைமுனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டு) வீணை ஆசிரியை அம்மா சொன்ன ‘மேரு’வா, இன்னொருவர் சொன்ன ‘தலைக்கட்டை’யா என்று இன்னும் முடிவாகவில்லை, கம்பி உட்காரும் காடிகள் அதில்தான் இருப்பதால் எனக்குத் தலைக்கட்டைப் பக்கம் கொஞ்சம் சாய்வு. அதுவரை அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும். ‘கொட்டை’ என்று மட்டும் யாரும் நிரப்பிவிடாதீர்கள்.

அன்புடன்,
தல்லாகுளத்திலிருந்து